ஆறு இல்லாத ஊரில் ஆற்றுப் பாடம்

நைல் நதியின் நீளம் எவ்வளவு என்று நம் பங்கிலுள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவனைக் கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவான். செய்யாறு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் தலையைச் சொறிவான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. திருவண்ணாமலை நகரில் மலை உண்டு, குளங்கள் உண்டு, ஏரிகள் உண்டு. சொல்லிக்கொள்ளும்படியாக ஓர் ஆறு மட்டும் இல்லை. இதனை நன்கு அறிந்தவர்கள் நம் ஊரின் இந்து சகோதரர்கள். அருணாசலேசுவரர் கோவிலின் தீர்த்தவாரிக்காக ஆண்டில் மூன்று முறை ஊருக்கு வெளியே உள்ள ஆறுகளைத் தேடிச் செல்கிறார்கள்: தை மாதத்தில் மணலூர்பேட்டை தென்பெண்ணைக்கு, ரதசப்தமி அன்று கலசபாக்கம் செய்யாற்றுக்கு, மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்கு. நம் பிள்ளைகளுக்கு ஆற்றைக் காட்ட வேண்டுமென்றால் நாமும் ஏறக்குறைய அதே வழியில்தான் புறப்பட வேண்டும்.

"எங்கள் பள்ளியில்தான் ஆண்டுதோறும் சாத்தனூர் அணைக்கு அழைத்துப் போகிறார்களே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணைக்குப் போகாத பள்ளிப் பேருந்து இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. ஆனால் பிள்ளைகள் அங்கே என்ன பார்க்கிறார்கள்? பூங்காவைப் பார்க்கிறார்கள், முதலைப் பண்ணையைப் பார்க்கிறார்கள், வறுத்த மீன் வாங்கித் தின்கிறார்கள், மாலையில் வீடு திரும்புகிறார்கள். இதில் தவறொன்றும் இல்லை. (அந்த மீனுக்காகவே போகிற பெரியவர்களும் நம்மில் உண்டு.) ஆனால் அது உல்லாசப் பயணம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் கடந்து, இந்த அணையில் சற்றுத் தங்கி, திருக்கோவிலூர் வழியாகக் கடலூரில் கடலைச் சேரும் தென்பெண்ணையைப் பற்றி அன்றைய தினம் யாரும் பேசுவதில்லை.

களப்பயணம் என்பது வேறு. அதில் மாணவர்கள் அளக்கிறார்கள். இங்கிலாந்தில் 2016 முதல் நடைமுறையிலுள்ள பாடத்திட்டத்தின்படி, பதினாறு வயதுப் பொதுத் தேர்வில் புவியியலை எடுக்கும் மாணவர் குறைந்தது இரண்டு முறையாவது வகுப்பறைக்கு வெளியே களப்பணி செய்திருக்க வேண்டும். அங்கே பல பள்ளிகள் அதற்காகத் தேடிப் போவது ஏதாவது ஒரு சிற்றாறு. பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு நீளமான கயிறு, அளவு நாடா, மீட்டர் கோல், நேரம் பார்க்க ஒரு கடிகாரம், மிதக்கவிட ஓர் ஆரஞ்சுப் பழம் போதும். நமக்கு எலுமிச்சம்பழமே போதும். தெர்மாகோல் வேண்டாம், அது காற்றடிக்கும் பக்கம் ஓடிவிடும், ஆற்றிலும் குப்பையாகிவிடும்.

செய்முறையைச் சற்று விளக்குவோம். கணுக்கால் அல்லது முழங்கால் அளவு நீர் ஓடும் இடத்தில், கரைக்குக் கரை கயிற்றைக் கட்டி அகலத்தை அளக்கிறோம். 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கயிற்றின் ஓரமாக அரை மீட்டருக்கு ஒருமுறை கோலை ஊன்றி ஆழம் பார்க்கிறோம். அவற்றின் சராசரி 0.3 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் நீரின் குறுக்குப் பரப்பு 1.8 சதுர மீட்டர். பிறகு 10 மீட்டர் தூரத்திற்கு எலுமிச்சையை மிதக்க விடுகிறோம். அது 20 நொடியில் வந்து சேர்ந்தால் வேகம் நொடிக்கு அரை மீட்டர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. மேல்தண்ணீர் ஓடும் வேகத்தில் அடித்தண்ணீர் ஓடாது. மணலும் கல்லும் அதை இழுத்துப் பிடிக்கும். எனவே அந்த வேகத்தை 0.85 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிக் குறைத்துக்கொள்கிறார்கள். இப்போது பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால், நொடிக்கு ஏறக்குறைய 765 லிட்டர். அதாவது 27 கன அடி. செய்தியில் தினமும் கேட்கும் "கன அடி" என்ற சொல்லின் பொருள் அன்றுதான் அந்தப் பிள்ளையின் காலில் படுகிறது.

கற்களையும் அளக்கலாம். ஜவ்வாது மலை ஓடைகளில் கிடக்கும் கல் பெரிதாகவும் கூர்முனையோடும் இருக்கும். அதே தண்ணீர் சமவெளிக்கு இறங்கி வர வர, கல் உருண்டு, தேய்ந்து, மழுங்கி, கடைசியில் மணலாகிவிடும். செங்கத்தின் அருகே குப்பநத்தம் அணைப் பக்கம் பத்துக் கற்களும், கலசபாக்கத்தில் ஒரு கைப்பிடி மணலும் எடுத்து மேசைமேல் வைத்தால், பாடநூலின் இரண்டு பக்கத்தை விளக்க வேண்டிய தேவை இருக்காது.

ஆனால் பாடநூலின் ஆறு வேறு, நம் ஆறு வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். புத்தகத்தில் ஆறு மலையில் பிறந்து, அருவியாக விழுந்து, வளைந்து நெளிந்து, டெல்டா அமைத்து, ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. செய்யாறோ மாதக்கணக்கில் வெறும் மணல். நம் பிள்ளைகள் அதைப் பார்த்து "செத்துப்போன ஆறு" என்கிறார்கள். அப்படியல்ல. எலியா இறைவாக்கினர் தங்கியிருந்த கெரீத்து ஓடை, மழை பெய்யாததால் வற்றிப்போனதை நாம் அரசர்கள் முதல் நூலில் வாசிக்கிறோம். அதுவும் இத்தகைய பருவகால ஓடைதான். மேலே நீர் இல்லாதபோதும் மணலுக்கு அடியில் ஈரம் நகர்ந்துகொண்டிருக்கும். நம் முன்னோர் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்ததும், ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோனதும் இதனால்தான். மணல் அள்ளப்பட்ட இடத்தில் இந்த நீரும் தங்குவதில்லை. கோடையில் ஒருமுறை, தை மாதத்தில் ஒருமுறை என்று ஒரே இடத்துக்கு இருமுறை அழைத்துப் போனால்தான் பிள்ளைகளுக்கு இது புரியும்.

2024 டிசம்பர் மாதத்தை நாம் மறக்க முடியாது. ஃபெஞ்சல் புயலின் மழையில், டிசம்பர் 1 அன்று நம் மலைச்சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் பாறையும் சேறும் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் பிள்ளைகள். மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. திறந்து மூன்று மாதமே ஆன அகரம்பள்ளிப்பட்டு - தொண்டமானூர் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் மூழ்கின. அந்த எண்ணைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? எலுமிச்சையை மிதக்கவிட்டு 27 கன அடியை அளந்தவனிடம், "இதைப்போல் ஆறாயிரம் மடங்குக்கும் மேல்" என்று சொன்னால் போதும். அந்தத் தண்ணீர் வரும் வழியில் வீடு கட்டலாமா என்ற கேள்வியை அவனே கேட்பான். மலையிலிருந்து இறங்கும் மழைநீர் எந்தத் தெரு வழியாக எந்த ஏரிக்குப் போகவேண்டும், இன்று எங்கே அடைபட்டு நிற்கிறது என்பதைப் பார்க்கப் பேருந்தும் தேவையில்லை. நல்ல மழைக்கு மறுநாள் நடந்தே பார்க்கலாம்.

பெற்றோரின் அச்சத்தை நாம் அலட்சியம் செய்யக் கூடாது. விடுமுறையில் ஆற்றிலும் ஏரியிலும் குளிக்கப் போன பிள்ளைகள் பிணமாக வந்த வீடுகள் நமக்குத் தெரிந்தவையே. "ஆற்றுப் பக்கமே போகாதே" என்று தாய் சொல்வது அதனால்தான். ஆனால் ஆற்றை அறியாத பிள்ளைதான் நண்பர்களோடு திருட்டுத்தனமாகப் போய் மணல் அள்ளிய பள்ளத்தில் கால் வைக்கிறான். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்குக் கீழே இரண்டு ஆள் ஆழம் இருக்கும் என்று அவனுக்கு யாரும் காட்டியதில்லை. ஆகவே ஆசிரியர் முந்தின நாளே தனியாகப் போய் இடத்தைக் கோல் ஊன்றிப் பார்க்க வேண்டும். அணையில் நீர் திறக்கும் அறிவிப்பு இருந்தால், அல்லது மலைப்பக்கம் மழை மேகம் தெரிந்தால், பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். பேருந்துக் காசு போனால் போகட்டும். முழங்காலுக்கு மேல் நீர் இருக்கும் இடத்தில் யாரும் இறங்கக் கூடாது. ஊர்க்காரர் ஒருவரையும், நீந்தத் தெரிந்த பெரியவர்கள் சிலரையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே நேரத்தில் ஐந்து அல்லது ஆறு பேர் மட்டும் தண்ணீரில் நிற்க, மற்றவர்கள் கரையில் இருந்து கணக்கெழுதலாம்.

எழுதிய கணக்கை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு கட்டுக் குறிப்பேடு வாங்கி, தேதியும் இடமும் போட்டு, பள்ளி அலமாரியிலோ பங்கு நூலகத்திலோ வைத்துவிடுங்கள். அடுத்த தை மாதம் வேறொரு வகுப்பு அதே பாலத்தருகே அதே நீளக் கயிற்றைக் கட்டும்போது, முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பார்கள்.