எம்.ஆர்.ஐ. படிவத்தில் 'ஐ அக்ரி' வேண்டாம்

சாப்ட்வேர் இன்ஸ்டால் செய்கையில் படிக்காமலேயே 'ஐ அக்ரி' கிளிக் செய்வது நம்மில் பலரின் பழக்கம். அம்மாவை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அழைத்துச் சென்றபோது, அங்கு தந்த படிவத்திலும் அப்படியே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் செய்தேன். "பித்தப்பை ஆபரேஷன்ல கிளிப் வச்சாங்களேடா!" என்றார் அம்மா. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து, அது டைட்டானியம் என்று உறுதியான பின்னரே டாக்டர் அனுமதித்தார்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்-ரே கதிர்கள் இல்லை. ஆபத்து காந்தத்தில்தான். 1.5 டெஸ்லா இயந்திரத்தின் காந்தப்புலம் பூமியினுடையதைப் போல் சுமார் 30,000 மடங்கு. ஸ்கேன் முடிந்தாலும் காந்தம் ஆப் ஆவதில்லை. 2018-ல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டருடன் ஸ்கேன் அறைக்குள் சென்ற ஒருவர், இயந்திரத்தை நோக்கி இழுக்கப்பட்டு இறந்தார்.

எனவே பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளாண்ட், மூளையில் கிளிப், கண்ணில் இரும்புத் துகள் இருந்தால் முன்பே கூறுங்கள். சில பேஸ்மேக்கர்களுடன் ஸ்கேன் எடுக்கலாம். அதை டாக்டர் முடிவு செய்வார். கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் மறைக்க வேண்டாம். சிலருக்குப் போடப்படும் காடோலினியம் ஊசி, சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குத் தீங்கு செய்யலாம். சத்தம் அதிகம் என்பதால் காதடைப்பான் கேட்டு வாங்குங்கள். மொபைல், வாட்ச், ஏ.டி.எம். கார்டு ஆகியவை வெளியிலேயே இருக்கட்டும்.

படிவத்தை மட்டும் வரிவரியாகப் படித்து நிரப்புங்கள்.