குறட்டையும் தேச க்ஷேமமும்

குறட்டை விட்டு உறங்குவோனைக் கண்டால் நம்மவர் நகைப்பர். அன்றேல், நன்றாக உறங்குகிறான், எழுப்ப வேண்டாம் என்பர். பகலில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வோனைச் சோம்பேறியென்றும் கும்பகர்ணனென்றும் ஏசுவர். இவ்விரண்டும் பிழை. உரத்த குறட்டையும் பகலுறக்கமும் ஒருவனிடத்தே சேர்ந்து காணப்படுமாயின் அதனை நோயின் அறிகுறியென்றே ஐயுறல் வேண்டும். வைத்தியர் ஸ்லீப் அப்னியா என்று வழங்கும் அந்நோயை உறக்க மூச்சடைப்பு என்று நாம் கூறலாம்.

அதன் இயல்பு யாது? விழித்திருக்குங்கால் தொண்டையின் தசைகள் மூச்சு வழியைத் திறந்து நிறுத்துகின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. கழுத்தில் கொழுப்பு மிகுந்தோர்க்கும், தாடை சிறுத்தோர்க்கும், நாக்குப் பருத்தோர்க்கும் அவ்வழி அடைபட்டு விடுகிறது. குழந்தைகளுக்கு டான்ஸில் வீக்கமே பெரும்பாலும் காரணம். மூச்சு 10 விநாடியும் அதற்கு மேலும் நிற்கிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு உடலை எழுப்புகிறது. பெருஞ் சத்தத்துடன் மூச்சுத் திரும்புகிறது. உறங்குவோன் இதனை அறியான். அருகிலிருக்கும் மனைவி அறிவாள். பகலுறக்கம் முதலிய குறிகளுடன் மணிக்கு 5 முறை இவ்வாறு நேரின் நோயென்பர். 30 முறையை எட்டின் கடுமையான நோயென்பர்.

இரவுதோறும் இவ்வாறு மூச்சுத் திணறும் தேகம் என்னாகும்? இரத்த அழுத்தம் ஏறுகிறது. மருந்துக்கும் எளிதில் அடங்குவதில்லை. இருதய நோய், பாரிசவாயு, நீரிழிவு ஆகியவற்றிற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்புண்டு. நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய டில்லி எய்ம்ஸ் வைத்தியர், வயது வந்தோரில் நூற்றுக்கு 11 பேருக்கு இந்நோய் இருக்கலாமென்று 2023-ல் மதிப்பிட்டனர். ஆடவரில் 13, பெண்டிரில் 5. உழைக்கும் பருவத்தினர் மட்டும் சுமார் 10 கோடி!

இது பட்டணத்துச் செல்வர் நோயன்றோ, கள்ளக்குறிச்சியார்க்கும் கல்வராயன் மலையார்க்கும் இதனாலென்ன என்று வினவுவார் உளர். மெலிந்தோர்க்கும் இந்நோய் வருமென்பதை அவர் அறியார். உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வழியாகச் சேலஞ் செல்லும் பெருஞ்சாலையில் அவர் நள்ளிரவில் நின்று பார்க்கட்டும். லாரி ஓட்டுவோன் செல்வனல்லன். கூலிக்கு விழித்திருக்கும் தொழிலாளி. இந்நோயுற்ற ஓட்டுநர்க்கு விபத்து நேர்வது பிறரினும் இரு மடங்கிற்கு மேலென்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. விபத்து நேர்ந்த பின்னர், தூக்கக் கலக்கமென்று எழுதிவிட்டு அமைந்து விடுகிறோம். அக்கலக்கத்தின் காரணம் யாதென்று கேட்பாரைக் காணோம்.

மதுவைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. படுக்கப் போகுமுன் குடிப்போனுடைய தொண்டைத் தசைகள் மேலும் தளர்கின்றன, மூச்சடைப்பு மிகுகிறது. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதல் தொடங்கியது, கல்வராயன் மலைத்தொடர் பரவிக் கிடக்கும் சேலம் ஜில்லாவிலேயே. அம்மலைத்தொடரின் மறுபுறத்தே, கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில், 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கு மேற்பட்டோரைக் கொன்றது. அக்கொடுமையை நாடறியும். இரவுதோறும் மது செய்யும் தீங்கையோ நாடு இன்னும் அறியவில்லை.

நிற்க, இந்நோய்க்குப் பரிகாரமுண்டு. உடற்பருமனைக் குறைத்தல், மல்லாந்து படாது ஒருக்களித்துப் படுத்தல், மதுவையும் தூக்க மாத்திரையையும் விடுதல் ஆகியவை முதற்படி. நோய் முற்றியோர்க்குச் சீபாப் என்னுங் கருவி உதவும். 1981-ல் ஆஸ்திரேலியாவின் ஸிட்னி நகரத்து வைத்தியர் காலின் ஸல்லிவன் வெளியிட்ட முறை இது. முகமூடி வழியே காற்றைச் சிறிது அழுத்தத்துடன் செலுத்தி, தொண்டை அடையாமற் காப்பது. இரவுதோறும் அணிதல் வேண்டும்; மின்சாரம் தடையின்றி வேண்டும்; விலையோ பல ஆயிரம் ரூபாய். சிலர்க்குத் தாடையை முன்னிறுத்தும் பற்கருவி போதும். குழந்தைகட்கு டான்ஸில் சிகிச்சை பெரும்பாலும் குணந்தரும்.

சர்க்கார் செய்யத்தக்கது என்ன? மக்களைத் தேடி மருத்துவம் என்னுந் திட்டம் 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் பார்க்க ஊழியர் வீடு தேடி வருகின்றனர். குறட்டை உண்டா, உறக்கத்தில் மூச்சு நிற்கிறதா, பகலில் கண்ணயர்கிறதா என்னும் மூன்று கேள்விகளை அவர்கள் சேர்த்துக் கேட்கட்டும், கேட்பதற்குச் செலவில்லை. கனரக வண்டி ஓட்டுவோர்க்குச் சான்று வழங்கும் வைத்தியரும் இவற்றைக் கேட்கட்டும். ஆனால், நோயுண்டென்று சொன்னவனுடைய பிழைப்பைப் பறித்தல் ஆகாது. அவனுக்குச் சிகிச்சை அளித்தல் வேண்டும். இன்றேல், எவனும் உண்மை கூறான்.

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி ஜில்லாவாயிற்று. 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பெற்ற வைத்தியக் கல்லூரி சிறுவங்கூரில் உளது. உறக்கச் சோதனையும் கருவியும் ஏழைகட்கு அங்கே இலவசமாகக் கிடைத்தல் வேண்டும். வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள மலையாளிப் பழங்குடியினன் மலையிறங்கி வந்து ஓரிரவு தங்கினால், இருநாட் கூலியை இழப்பான். வீட்டிலேயே மூக்கிலும் விரலிலும் பொருத்தி, இரவின் மூச்சைப் பதியுஞ் சிறு கருவிகள் இந்நாளில் உள்ளன. அவை ஆரம்ப சுகாதார நிலையங்களின் வாயிலாக மலையேறட்டும்.

தேசத்தொண்டர்க்கும் நாம் ஒன்று கூறுவோம். கூட்டத்திற் கண்ணயரும் தோழரைப் பழித்தலை விட்டு, அவர் இரவில் எவ்வாறு உறங்குகிறாரென்று அவர் வீட்டாரைக் கேளுங்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவும் தேசத்தொண்டே.