பெரட்டில் நிற்கும் கணினி

மலாயாவில் மின்சாரம் முதன்முதலாக வேலைக்கு இறங்கியது எங்கள் பக்கத்து ஊரான ரவாங்கில். 1894-இல் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி வைத்தார்கள். அந்தக் காலத்து எந்திரத்துக்கு மின்சாரம் வந்தால் போதும், ஓடத் தொடங்கிவிடும். இன்று ரவாங்கிலிருந்து கொஞ்சம் வடக்கே, சுங்கை சோவில் ஒரு பழைய மடிக்கணினிக்கு மின்சாரம் கொடுத்தால், அது கறுப்புத் திரையில் ஒன்றரை நிமிடத்தை விநாடி விநாடியாக எண்ணிக்கொண்டு சும்மா இருக்கிறது.

இந்தப் புகார் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் என்ற மாற்று இயக்குதளத்தின் பக்கம் வருகிறார்கள். “லினக்ஸ் போட்டால் பறக்கும்னு சொன்னாங்களே, இது தவழக்கூட மாட்டேங்குதே” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

சுரங்க எந்திரத்துக்கு இல்லாத ஒரு தொல்லை கணினிக்கு உண்டு. விசையைத் தட்டும் கணத்தில் அதன் நினைவகம் வெறுமையாக இருக்கிறது. தான் யார், என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு எதுவும் தெரியாது. தாய்ப்பலகையில் ஒட்டியிருக்கும் சின்னச் சில்லு ஒன்றில் கொஞ்சம் நிரல் இருக்கிறது. அது எழுந்து, வட்டிலிருந்து குரப் என்ற ஏற்றியைக் கூப்பிடும். குரப் லினக்ஸின் கருவான கெர்னலைக் கொண்டுவந்து நினைவகத்தில் வைக்கும். கெர்னல் வட்டு, திரை, விசைப்பலகை எல்லாவற்றையும் அடையாளம் கண்டுகொண்டு, கடைசியில் ஒரே ஒரு நிரலைத் தொடங்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த நிரலின் எண் 1. வலை, ஒலி, அச்சு, உள்நுழையும் திரை என்று மற்றவற்றையெல்லாம் கிளப்பிவிடுவது இந்த ஒன்றாம் எண்ணின் பொறுப்பு. பெரும்பாலான தாமதம் பிறக்கும் இடமும் இதுதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடியுமுன் எல்லாரும் களத்தில் கூடி, பெயர் வாசித்து, வேலைக்காடு பிரித்துக் கொடுத்த பிறகே நகர முடியும். ஒருவர் வந்து பதில் சொல்லி, தன் காட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தவர் பெயரையே வாசிப்பேன் என்று ஒரு கிராணி அடம்பிடித்தால் எப்படியிருக்கும்? பழைய லினக்ஸ் அப்படித்தான் தொடங்கியது. எண் போட்டு வரிசைப்படுத்திய கட்டளைக் கோப்புகள், ஒன்று முடிந்தால் அடுத்தது. 2010-இல் லெனார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் ஒன்றாம் எண் நிரலாகக் கொண்டுவந்த சிஸ்டம்டி இதை மாற்றியது. எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பலாம். இன்னொருவர் வந்தே தீர வேண்டும் என்பவர் மட்டும் அந்த ஒருவருக்காக நிற்பார். இதில் ஓர் அழகான தந்திரமும் உண்டு. ஒரு சேவை எழுவதற்கு முன்பே அதற்கான செய்தி வாசலை சிஸ்டம்டி திறந்து வைத்துவிடும். மற்ற நிரல்கள் அங்கே செய்தியைப் போட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கும். உரியவர் எழும்வரை கெர்னல் அதைக் காத்து வைத்திருக்கும்.

ஆக, இன்றைய லினக்ஸ் மெதுவாக எழுகிறது என்றால், ஏதோ ஒன்று வராத ஆளுக்காகக் காத்திருக்கிறது என்பதே என் முதல் சந்தேகமாக இருக்கும். யாருக்காக என்பதை அதனிடமே கேட்கலாம். டெர்மினலில் ‘சிஸ்டம்டி-அனலைஸ்’ என்று கொடுத்தால் கெர்னலுக்கு எவ்வளவு, அதன் பின் வந்த சேவைகளுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும். அதோடு ‘பிளேம்’ சேர்த்தால் சேவைகளை நேரவாரியாக அடுக்கிக் காட்டும். பலரும் இந்தப் பட்டியலின் உச்சியில் இருப்பதை உடனே அணைத்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதால், இருபது விநாடி எடுத்த சேவை யாரையும் தடுக்காமலும் இருந்திருக்கலாம். அதுவே வேறொன்றுக்காகக் காத்துக் கிடந்திருக்கவும் கூடும். உண்மையில் யார் யாரை நிறுத்தி வைத்தார் என்ற சங்கிலியைக் காட்டுவது ‘கிரிட்டிகல்-செயின்’.

அந்த ஒன்றரை நிமிடத்துக்குப் பெரும்பாலும் காரணம் ‘எஃப்எஸ்டேப்’ என்ற சின்னக் கோப்பு. எந்தெந்த வட்டை இணைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பழைய வட்டைக் கழற்றியிருப்பார்கள், அல்லது ஒரு பகுதியை அழித்துப் புதிதாக அமைத்திருப்பார்கள். அதன் நீண்ட அடையாள எண் மட்டும் கோப்பில் தங்கிவிடும். இல்லாத வட்டுக்காக சிஸ்டம்டி 90 விநாடி காத்திருக்கும்; அதன் இயல்பான பொறுமை அவ்வளவு. கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு அந்த வரியை நீக்கினால் தீர்ந்தது. சில நேரம் மட்டும் செருகும் வட்டு என்றால் வரியில் ‘நோஃபெயில்’ என்று சேர்க்கலாம். அடுத்த சந்தேகம், பெயரிலேயே ‘வெயிட்-ஆன்லைன்’ என்று வைத்திருக்கும் வலைச் சேவை. இணையம் கிடைக்கும்வரை சிலவற்றை அது நிறுத்தி வைக்கும். தொடங்கும்போதே வலைவழி வட்டுகளை இணைக்க வேண்டிய அலுவலகக் கணினிக்கு அது தேவை. வீட்டில் அணைத்துவிடலாம்.

காத்திருப்பு எதுவும் இல்லை, ஆனாலும் மெதுவென்றால், சுழலும் வட்டைப் பாருங்கள். பழைய மடிக்கணினி வட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும்; ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. படிக்கும் முனை நகரும் நேரத்தையும் கூட்டினால், விநாடிக்கு நூறு இடங்களைக்கூடத் தொட முடியாது. தொடக்கத்தில் படிக்க வேண்டியவை ஐயாயிரம் சிதறிய துண்டுகள் என்று வைத்துக்கொண்டால், அதற்கே ஏறக்குறைய ஒரு நிமிடம் போய்விடும். சுழலாத எஸ்எஸ்டி ஒன்றை மாற்றிப் போடுங்கள். நான் சொன்ன மற்ற எல்லாவற்றையும்விட அது அதிகப் பலன் தரும்.

முயன்றால் லினக்ஸ் எவ்வளவு விரைவாக எழும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2008-இல் இன்டெல் பொறியாளர்கள் ஆர்யன் வான் டி வெனும் ஆக் காக்கும், ஈ பிசி என்ற குட்டி மடிக்கணினியில் லினக்ஸை 5 விநாடியில் எழுப்பிக் காட்டினார்கள். எதைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று அவர்கள் தேடவில்லை. மொத்தம் ஐந்து விநாடிதான் என்று முதலில் முடிவு செய்து, கெர்னலுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என்று பங்கு பிரித்துவிட்டார்கள்.

வேகமாக்கப் போய்க் கணினி நின்றே போன கதையும் உண்டு. 2019-இல் லினக்ஸ் 5.3 தயாரானபோது, வட்டில் கோப்பு விவரங்களைக் குறைந்த முறை தொட்டே படிக்கும்படி ஒரு திருத்தம் சேர்ந்தது. நல்ல திருத்தம். ஆனால் சில கணினிகள் உள்நுழையும் திரைக்கு முன்பே உறைந்தன. ரகசியச் சாவிகளை உண்டாக்க, யாராலும் ஊகிக்க முடியாத எண்கள் தேவை. ஒழுங்கே உருவான எந்திரத்துக்குள் ஒழுங்கின்மை எங்கே கிடைக்கும்? விசைகள் தட்டப்படும் கணம், வட்டு பதில் தரும் கணம் ஆகியவற்றின் நுண்ணிய முன்பின்களிலிருந்து கெர்னல் அதைச் சேகரிக்கிறது. வட்டு வேலை குறைந்ததும் அந்த வரவும் குறைந்தது. எண் கேட்ட நிரல் காத்திருந்தது. அதற்காக மற்றவை காத்திருந்தன. மனிதர் யாராவது விசைப்பலகையைத் தட்டினால், மவுஸை அசைத்தால், கெர்னலுக்குக் கொஞ்சம் ஒழுங்கின்மை கிடைக்கும்.

5.3 வெளியாகும் தறுவாயில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நல்ல திருத்தத்தையே திரும்பப் பெற்றார். அடுத்து, வேண்டியபோது செயலியே தன் கடிகாரத் துடிப்புகளின் சிறு தடுமாற்றத்திலிருந்து ஒழுங்கின்மையைத் திரட்டிக்கொள்ளும்படி ஒரு வழியை எழுதினார். அந்த வழியும் விலக்கப்பட்ட திருத்தமும் 2019 நவம்பரில் வந்த 5.4-இல் சேர்ந்தே இடம்பிடித்தன.