டீசல் ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது?

மின் நிலையத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பெரிய பயமே மின்சாரம் போய்விடுமோ என்பதுதான். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் மின்சாரம் தயாரிக்கிற இடத்திலும் பம்பு ஓட, வால்வு திறக்க, கட்டுப்பாட்டு அறையில் மீட்டர் தெரிய மின்சாரம் வேண்டும். நான் கடலோர அனல் மின் நிலையம் ஒன்றில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஐப்பசி மழை தொடங்கினால் எங்கள் முதல் வேலை, கேபிள்கள் போகும் கீழ்த்தளத்தில் தண்ணீர் கசிகிறதா என்று இறங்கிப் பார்ப்பது. அடுத்தது, டீசல் ஜெனரேட்டர் மக்கர் பண்ணாமல் ஸ்டார்ட் ஆகிறதா என்பது.

எங்களுக்கு மின்சாரம் முழுக்கப் போனால் நஷ்டம்தான், நாசம் இல்லை. கரி போவது நின்றால் பாய்லரில் தீ அடங்கிவிடும். சுற்றிக்கொண்டிருக்கும் டர்பைனின் பேரிங் உருகாமல் இருக்க பேட்டரியில் ஓடும் எண்ணெய் பம்பு ஒன்று போதும். மறுநாள் சாவகாசமாக ஆரம்பிக்கலாம்.

அணு உலையில் அப்படி இல்லை. கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கியதும் அணுப்பிளவு நின்றுவிடும், வெப்பம் நிற்காது. பிளந்த அணுக்களின் மிச்சங்கள் தாமாகச் சிதைந்துகொண்டே வெப்பத்தைக் கக்கும். 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் முழு வெப்பத்திறன் ஏறத்தாழ 3,000 மெகாவாட். நிறுத்திய கணத்தில் அதில் 6, 7 சதவீதம் மிச்சமிருக்கும். அதாவது சுமார் 200 மெகாவாட். எங்கள் யூனிட் ஒன்று முழு மூச்சில் தரும் மின்சாரம் 210 மெகாவாட். அவ்வளவு சக்தி, வெப்பமாக, ‘ஆஃப்’ செய்துவிட்ட இயந்திரத்துக்குள் இருக்கிறது. மளமளவென்று குறையும் என்பது உண்மை. ஆனால் ஒரு நாள் கழித்தும் பத்து மெகாவாட்டுக்கு மேல் வந்துகொண்டிருக்கும். தண்ணீரைச் சுழலவிட்டே ஆக வேண்டும். அதற்குப் பம்பு, பம்புக்கு மின்சாரம்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்இச்சியில் நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் சொன்னபடி நின்றன. வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுந்தது. டீசல் ஜெனரேட்டர்கள் கிளம்பின. அதுவரை எல்லாம் புத்தகத்தில் எழுதியபடிதான். ஒரு மணி நேரத்துக்குள் பதினான்கு, பதினைந்து மீட்டர் உயரத்துக்குக் கடல் ஏறி வந்தது. நிலையம் கணக்குப் போட்டு வைத்திருந்ததோ ஏறத்தாழ ஆறு மீட்டர்தான். டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை டர்பைன் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தன; நீரில் மூழ்கி நின்றுபோயின. குளிர்விக்க வழியில்லாமல் முதல் மூன்று உலைகளின் எரிபொருளும் உருகியது. 6-ஆம் உலைக்குரிய, காற்றால் குளிர்விக்கப்படும் ஒரே ஒரு ஜெனரேட்டர் மேட்டில் இருந்ததால் பிழைத்தது. 5, 6 ஆகிய இரண்டு உலைகளையும் அதுவே காப்பாற்றியது. ஒரே வளாகம், ஒரே அலை. வேறுபாடு, இயந்திரம் எந்த உயரத்தில் உட்கார்ந்திருந்தது என்பதுதான்.

இதைவிட எனக்குத் தூக்கம் கெடுக்கும் கதை 4-ஆம் உலையுடையது. அது அன்று ஓடவே இல்லை. பராமரிப்புக்காக எரிபொருள் முழுவதையும் வெளியே எடுத்து, கட்டடத்தின் மேல்தளத்தில், தரையிலிருந்து சுமார் 30 மீட்டர் உயரத்தில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் வைத்திருந்தார்கள். பழையதும் புதியதுமாக 1,535 எரிபொருள் கட்டுகள். நாலு நாள் கழித்து, பக்கத்து 3-ஆம் உலையிலிருந்து பொதுக் குழாய் வழியே வந்த ஹைட்ரஜன் வெடித்து, தொட்டிக்கு மேலிருந்த கூரை போய்விட்டது. தொட்டி வற்றிவிட்டது என்றே அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் நினைத்தார்; தன் நாட்டவரை 80 கிலோமீட்டருக்கு அப்பால் போகச் சொன்னார். வற்றவில்லை. பக்கத்தில், உலைக்கு மேலுள்ள கிணறு போன்ற பகுதியில் பராமரிப்புக்காக நிரப்பி வைத்திருந்த தண்ணீர், இடையில் இருந்த தடுப்புக் கதவு வழியே தொட்டிக்குள் கசிந்திருந்தது. வேலை தாமதமானதால் வடிக்கப்படாமல் நின்ற தண்ணீர் அது. பிறகு, மாடிக்குக் கான்கிரீட் ஏற்றும் நீண்ட கை கொண்ட பம்பு லாரியைக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றினார்கள்.

அந்த நாட்களில் ஜப்பான் அணுசக்தி ஆணையத்தின் தலைவர் ஷுன்சுகே கொண்டோ, பிரதமருக்காக மிக மோசமான நிலைமையைக் கணக்கிட்டுக் கொடுத்தார். நிலைமை கைமீறினால் 170 கிலோமீட்டர் வரை கட்டாயமாக மக்களை வெளியேற்ற வேண்டியிருக்கலாம், 250 கிலோமீட்டர் வரை விரும்பியவர்கள் வெளியேற வேண்டியிருக்கலாம் என்றது அது. டோக்கியோ அந்த வட்டத்துக்குள் வருகிறது.

ஓராண்டு கழிந்தும் அந்தத் தொட்டி, சேதமடைந்த கட்டடத்தில், அதே உயரத்தில்தான் இருந்தது. இன்னொரு பெரிய நடுக்கம் வந்தால்? சுவிட்சர்லாந்தில் ஜப்பானின் தூதராக இருந்து ஓய்வு பெற்ற மிட்சுஹெய் முராட்டா 2012 மார்ச்சில் நாடாளுமன்ற மேலவைக் குழுவின் முன் இதைச் சொன்னார். பிறகு ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூனுக்கே கடிதம் எழுதினார்: இது ஒரு நாட்டின் பிரச்சினை அல்ல, உலகம் தலையிட வேண்டும் என்று. அவர் சொன்ன பேரழிவின் அளவு மிகை என்று நிபுணர்கள் பலர் சொன்னார்கள். இருக்கலாம். என்னை உறுத்துவது வேறு. தூதராக இருந்தவர், எந்தக் கதவைத் தட்டினால் எது நடக்கும் என்று தெரிந்தவர். அவருக்கே பொதுச்செயலாளருக்குக் கடிதம் போடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. “அந்தத் தொட்டியைச் சோதித்து, இத்தனை மாதத்தில் காலி செய்” என்று ஒரு நாட்டுக்கு உத்தரவிடும் அதிகாரம் உலகில் எந்த அமைப்புக்கும் கிடையாது. 2013 நவம்பரில் எரிபொருளை எடுக்கத் தொடங்கி 2014 டிசம்பரில் முடித்தார்கள். நன்றாகவே செய்தார்கள். அதுவரை நாம் எல்லோரும் நம்பியிருந்தது அதிர்ஷ்டத்தை.

வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமை இருக்கிறதே என்பீர்கள். அதன் இரண்டு கைகளுக்கும் பலம் வேறு வேறு. அணுகுண்டு விவகாரத்தில், ஒப்பந்தம் ஏற்ற நாடுகளில் அது யூரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் எடை போட்டுக் கணக்குக் கேட்கும்; நம் கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் அந்தக் கண்காணிப்பில்தான் இருக்கின்றன. பாதுகாப்பு என்று வரும்போது அதே முகமை அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டும். 2012-இல் ராஜஸ்தான் நிலையத்துக்கு இந்தியா அழைத்தது, வந்து பார்த்தார்கள். அழைக்காவிட்டால் வரமுடியாது. குண்டாக மாறக்கூடியதை எண்ண ஆள் வருகிறது, ஜெனரேட்டர் அடித்தளத்தில் இருக்கிறதா என்று பார்க்க வருவதில்லை.

அணு மின்சாரமே கூடாது என்பவன் அல்ல நான். ஆயுள் முழுக்கக் கரித்தூளுக்கும் சாம்பலுக்கும் நடுவில் இருந்தவன். நிலக்கரி கொல்வதையும் அறிவேன். ஆனால் பாடம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய்ச் சேராமல் நிற்பதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

1999 டிசம்பரில் பிரான்சின் ப்ளேயே நிலையத்தில், புயலில் ஆற்றுமுகத்து நீர் கரையைத் தாண்டி நிலத்தடி அறைகளுக்குள் புகுந்து, பாதுகாப்புப் பம்புகள் சிலவற்றை முடக்கியது. 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் சுனாமி கடல்நீர்ப் பம்ப் ஹவுஸுக்குள் ஏறியது. ஓடிக்கொண்டிருந்த 2-ஆம் உலையை நிறுத்திப் பத்திரமாகக் குளிரவைத்தார்கள். முக்கியக் கட்டடங்கள் மேட்டில் இருந்ததால் நீர் அங்கே எட்டவில்லை. ஊழியர் குடியிருப்பில் பல உயிர்கள் போயின. இந்தக் கல்பாக்கச் சம்பவம் ஜப்பானுக்குத் தெரியாமல் இல்லை. அதையும் முன்வைத்தே அங்கே அணுசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பு வெள்ளம் பற்றிய ஆய்வுக் குழுவைக் கூட்டியது. நிலையத்தின் தரைமட்டத்தைத் தாண்டிச் சுனாமி வந்தால் ஃபுகுஷிமாவில் மின்சாரம் முழுவதும் போய்விடக்கூடும் என்பது 2006-லேயே அந்தக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்துக்கும் தெரிந்திருந்தது என்று ஜப்பான் நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு பின்னர் பதிவு செய்தது. ஐந்து ஆண்டுகள் இருந்தன. ஜெனரேட்டரை மேலே ஏற்ற ஐந்து ஆண்டுகள் என்பது, என்னைக் கேட்டால், தாராளம்.

செர்னோபில் வெடித்த 1986-இல், சோவியத் அரசு வாய்திறப்பதற்கு முன்பே, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணியில் கதிர்வீச்சு காட்டியது. அந்த அவமானத்தில் பிறந்தது, விபத்தை உடனே அறிவிக்க வேண்டும் என்ற ஒப்பந்தம். வந்த பின் சொல்லக் கட்டாயம் உண்டு. வராமல் காக்க என்ன செய்தாய் என்று கேட்க 1994-இல் அணுப் பாதுகாப்பு ஒப்பந்தம் வந்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடுகள் அறிக்கை எழுதி, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பார்கள்; தவறினால் தண்டனை இல்லை. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு சுவிட்சர்லாந்து ஒரு திருத்தம் கேட்டது: புதிய உலைகளுக்கு வகுத்த பாதுகாப்பு இலக்கைப் பழைய உலைகளுக்கும் முடிந்த வரை கட்டாயமாக்குங்கள் என்று. 2015 பிப்ரவரியில் வியன்னாவில் மாநாடு கூடியது. அமெரிக்காவும் ரஷ்யாவும் திருத்தத்தை ஏற்கவில்லை. கட்டாயம் கழன்றுபோய், பிரகடனம் ஒன்று மிஞ்சியது.

உக்ரைனின் ஸப்போரிஷியாவில் இன்று நடப்பதிலும் இதே அதிகாரமின்மைதான் தெரிகிறது. ஆறு உலைகள், ஐரோப்பாவிலேயே பெரிய நிலையம். கூடங்குளத்தில் இருப்பதும் அதே ரஷ்ய வி.வி.இ.ஆர். குடும்பம்தான். 2022 மார்ச்சில் ரஷ்யப் படை கைப்பற்றியதிலிருந்து, வெளி மின்சாரம் முழுக்க அறுந்து டீசல் ஜெனரேட்டரில் நின்றது பலமுறை. முகமையின் நிபுணர்கள் அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து உள்ளேயே தங்கியிருக்கிறார்கள். பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள். அதற்குமேல் அவர்கள் கையில் ஒன்றுமில்லை.

விமானப் போக்குவரத்தில் இது முடிந்திருக்கிறது. 1999 முதல் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு ஒவ்வொரு உறுப்பு நாட்டின் பாதுகாப்பு மேற்பார்வையையும் கட்டாயமாகத் தணிக்கை செய்கிறது. இறையாண்மை பறிபோய்விட்டதாக யாரும் அழவில்லை. உலைகளுக்கும் அதே கட்டாயத் தணிக்கை வேண்டும், முடிவுகள் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். அடுத்தது, எரிந்த எரிபொருளைத் தொட்டிகளில் ஆண்டுக்கணக்கில் குவித்து வைக்காமல், ஆறியதும் பம்பும் மின்சாரமும் தேவைப்படாத உலர் பீப்பாய்களுக்கு மாற்றக் காலக்கெடு வேண்டும். ஃபுகுஷிமாவிலேயே ஒன்பது உலர் பீப்பாய்களில் 408 கட்டுகள் இருந்தன. சுனாமி அந்தக் கட்டடத்துக்குள்ளும் புகுந்தது; பீப்பாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

2015-இல் சுவிட்சர்லாந்து கேட்டுத் தோற்றதை மறுபடி யார் கேட்பது? இந்தியா 2005-லேயே அணுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை உறுதிசெய்த நாடு. ஃபுகுஷிமாவுக்கு ஆறு ஆண்டு முன்பே கடல்நீரைத் தன் பம்ப் ஹவுஸுக்குள் பார்த்த நாடு. வியன்னாவில் அடுத்த பரிசீலனைக் கூட்டத்தில் இந்தியப் பிரதிநிதி இந்தத் திருத்தத்தைத் தன் பெயரில் மேசையில் வைக்கலாம். அதைச் செய்யச் சொல்லி நம் எம்.பி.க்களுக்கு நாம் எழுதலாம். நான் என் தொகுதி எம்.பி.க்கு எழுதிவிட்டேன்.