சுண்ணாம்பு மூட்டையைத் தொடாதீர்கள்

கெலமங்கலம் பக்கம் குட்டையில் மீன் செத்து மிதந்தால் முதல் பேச்சு நுரைதான். பெங்களூருக் கழிவு தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளி அணையில் பொங்குவதை டிவியில் பார்த்துப் பார்த்து, எதற்கும் அதையே சொல்லப் பழகிவிட்டோம். ஆற்றுத் தண்ணீர் பாயும் இடத்தில் அந்தச் சந்தேகம் நியாயம். தார்ப்பாய் விரித்து, போர்த் தண்ணீர் விட்ட கொல்லைக் குட்டைக்கு நுரை எந்த வழியாக வரும்?

விடியுமுன் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். கரையில் தட்டினாலும் ஓடாது. பகல் வெயிலில் பிராணவாயுவை விட்ட பச்சைப்பாசி, ராத்திரியில் அதையே இழுத்துக்கொள்கிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்க வேண்டியது 2-க்குக் கீழே இறங்கிவிடும். மப்பும் மந்தாரமுமாக இரண்டு நாள் இருந்தால் கேட்கவே வேண்டாம். மூச்சு முட்டினால் பெரிய மீன்தான் முதலில் போகும், குஞ்சு தப்பும். விஷமென்றால் பெரும்பாலும் குஞ்சுக்கே முதல் அடி. செத்ததை அள்ளிப் புதைக்கும் முன் அதைக் கவனிப்பவர் யார்? 2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்தபோதும் சாக்கடை கலந்து பிராணவாயு வற்றியதே காரணமாகப் பேசப்பட்டது.

கொல்லையில் சாக்கடை வேலையைச் செய்வது நம் கைதான். தவிடும் புண்ணாக்கும் அள்ளிக் கொட்டுகிறோம், கோழி எருவைப் பச்சையாகவே போடுகிறோம். தின்றது போக மீந்தது அடியில் அழுகி அம்மோனியா ஆகிறது.

இங்கேதான் எனக்குப் பயம். மீன் வாய் பிளந்தால் யாரைக் கேட்டாலும் 'சுண்ணாம்பு போடு' என்கிறார்கள். குட்டையைக் காயவிட்டு, தண்ணீர் விடுமுன் போட்டால் நல்லதுதான், மறுக்கவில்லை. அம்மோனியா ஏறிய தண்ணீரில் சுட்ட சுண்ணாம்பைக் கரைத்தால் காரம் கூடும். காரம் கூடக்கூட அந்த அம்மோனியா கொடிய விஷமாக மாறும். பாசி மண்டிய குட்டையில் பி.எச். சாயங்காலம் தானாகவே 9 வரை ஏறும், அதன் மேல் சுண்ணாம்பு வேறா? மருந்தென்று போட்டதே மிச்ச மீனையும் முடித்துவிடும்.

மீன் மேலே வந்தால் தீவனத்தை நிறுத்துங்கள். மோட்டாரைப் போட்டு, குழாய் வாயை உயரத் தூக்கிக் கட்டித் தண்ணீரைச் சிதறவிடுங்கள். ஆழ்துளைத் தண்ணீரிலும் பிராணவாயு குறைவு, காற்றில் விழுந்தால்தான் ஏறும். சுண்ணாம்பு மூட்டை கொட்டகையிலேயே கிடக்கட்டும்.