கடல் நுழையும் வாசல்

கழிப்பறையைப் பற்றி ஒரு வியாஸமா என்று நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். தரையில் அதன் குழாய் பழுதானால் துர்நாற்றத்தோடு போயிற்று. கடலில் பழுதானாலோ கலமே மூழ்கிப் போகும்.

1945-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி, யூ-1206 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் கரைக்கு அப்பால், சுமார் 200 அடி ஆழத்தில் இருந்தது. அவ்வாழத்தில் கடல்நீர் ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் ஏறக்குறைய 90 ராத்தல் பாரத்துடன் அழுத்துகிறது. அதை எதிர்த்துக் கழிவை வெளியே தள்ளுவதற்குப் புதுமாதிரிக் கழிப்பறை ஒன்று கப்பலில் அமைந்திருந்தது. அதன் வால்வுகளைக் கிரமம் தவறாமல் திறந்து மூட வேண்டும். அன்று அதில் கோளாறு நேர்ந்தது. கடல் பீறிட்டு உள்ளே புகுந்தது. பிழை செய்தவர் கப்பல் தலைவரே என்று ஒரு கதை உண்டு. தாம் அச்சமயம் எஞ்சின் அறையில் இருந்ததாக அவர் கூறினார். கீழேயிருந்த மின்கலங்களில் உப்புநீர் கலந்ததும் குளோரின் என்னும் விஷவாயு கிளம்பியது. நீருக்கு மேலே எழும்புவதைத் தவிர வேறு கதியில்லை. எழும்பிய கப்பலை நேசநாட்டு விமானம் கண்டு தாக்கிற்று. மாலுமிகள் கப்பலைத் தாங்களே மூழ்கடித்துவிட்டு வெளியேறினார்கள். நால்வர் மாண்டனர்.

இது யுத்த காலத்து அபூர்வ விபத்து என்று ஒதுக்கிவிடலாகாது. சிறிய உல்லாசப் படகுகளிலும் இவ்வபாயம் உண்டு. அவற்றில் கழிப்பறைத் தொட்டி பெரும்பாலும் கடல் மட்டத்துக்குக் கீழேயே இருக்கிறது. பம்பினால் ஒரு குழாய் வழியே கடல்நீரை உள்ளே இழுத்து, மற்றொன்றின் வழியே கழிவை வெளியேற்றுகிறார்கள். இரண்டும் படகின் உடலைத் துளைத்துச் செல்பவை.

ஒரு வாளியிலிருந்து தாழ உள்ள மற்றொரு வாளிக்கு, ரப்பர் குழாய் வழியே நீர் தானாகவே மேலேறி இறங்குவதை வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவதுண்டு. அந்த வடிகுழாய் வித்தைதான் இங்கே எமனாகிறது. கடல் மேல்வாளி, தொட்டி கீழ்வாளி. நீர் நிறைந்த குழாய் இரவெல்லாம் ஓயாமல் வார்த்துக்கொண்டிருந்தால், விடியுமுன் படகு அமிழ்ந்துவிடும்.

பரிகாரம் எளிது. குழாயை நீர்மட்டத்துக்கு வெகு மேலே கொண்டுபோய் வளைத்து, பிறகு கீழே இறக்க வேண்டும். வளைவின் உச்சியில் காற்று நுழைய ஒரு சிறு துவாரம் வேண்டும். காற்றுப் புகுந்தால் நீரின் தொடர்ச்சி அறுந்துவிடும். படகு ஒருபுறம் சாய்ந்தாலும் வளைவு நீருக்கு மேலேயே நிற்பது அவசியம். உப்புப் படிந்து துவாரம் அடைபட்டால், காவற்காரன் தூங்கியது போலாகும். ஆகையால் அதை அடிக்கடி கழுவ வேண்டும். உபயோகித்து முடிந்ததும் படகின் பக்கத்திலுள்ள வால்வுகளை மூடிவிட வேண்டும்.

சுக்கான் பிடிப்பவனுக்குள்ள கவலை குழாய் பூட்டுபவனுக்கும் இருத்தல் வேண்டும். யூ-1206 மூழ்கிய 24 நாட்களில் ஐரோப்பாவில் யுத்தம் ஓய்ந்தது. அந்தக் கழிப்பறை அன்று ஒழுங்காக இயங்கியிருந்தால், ஒருவேளை அந்த நால்வரும் வீடு திரும்பியிருக்கலாம்.