செஞ்சேறு

செஞ்சேறு என்பது பாக்சைட்டுத் தாதுவிலிருந்து அலுமினாவைப் பிரித்தெடுத்த பின்னர் எஞ்சும் காரக் கழிவு ஆகும். இரும்பு ஆக்சைடு மிகுந்திருப்பதால் இது செந்நிறம் பெறுகிறது. தாதுவிலிருந்த கன உலோகங்களின் பெரும்பகுதி இக்கழிவிலேயே தங்கிவிடுகிறது. எனவே அலுமினிய ஆலைகளை அடுத்துள்ள மண்ணும் நீரும் மாசடைய இது ஒரு முதன்மைக் காரணமாகும்.

கொல்லிமலையும் மேட்டூரும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, வாழவந்தி நாடு முதலான பல நாடுகளாகப் பகுக்கப்பட்டது. அங்கு மலையுச்சித் தளங்களில் சார்னோக்கைட்டுப் பாறை நெடுங்காலம் மழையில் சிதைந்தது. கரையக்கூடியவை நீரோடு சென்றுவிட, அலுமினியமும் இரும்பும் செறிந்த பாக்சைட்டு மேற்போர்வையாக எஞ்சியது. 1965 முதல் மேட்டூரில் அலுமினியம் உற்பத்தி செய்த மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் (மால்கோ), கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் இத்தாதுவைத் திறந்தவெளிச் சுரங்கங்களில் வெட்டியெடுத்தது. மேட்டூர் ஆலையின் இயக்கம் 2008 நவம்பரில் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில், நார்வே அரசின் ஓய்வூதிய நிதி, தாய் நிறுவனமான வேதாந்தாவைத் தன் முதலீடுகளிலிருந்து விலக்கியது. அதற்கு அடிப்படையான அறநெறிக் குழுவின் பரிந்துரை மேட்டூர்ச் செஞ்சேற்றுக் குவியலையும் ஆராய்ந்திருந்தது.

உருவாகும் முறை

ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் யோசெஃப் பேயர் 1880களில் கண்டறிந்த முறையில், அரைத்த பாக்சைட்டு சூடான எரிசோடாக் கரைசலில் இடப்படுகிறது. அலுமினா கரைகிறது, கரையாதவை சேறாக அடியில் தங்குகின்றன. ஒரு டன் அலுமினாவுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 டன் வரை சேறு உண்டாகிறது. அலுமினா நீங்கிவிடுவதால், தாதுவில் சிறிதளவே இருந்த வனேடியம், குரோமியம், ஆர்சனிக், ஈயம் போன்றவை சேற்றில் மேலும் செறிவடைகின்றன.

மண்ணில் விளைவு

செப்பு, ஈய உருக்காலைகளின் புகை அமிலத்தன்மை உடையது. அமில மண்ணில் ஈயம், காட்மியம், துத்தநாகம் ஆகியன எளிதில் கரைந்து பயிர்களில் ஏறும். சுண்ணாம்பு இட்டால் இது குறையும். செஞ்சேற்றில் நிலைமை நேர்மாறானது. அதன் காரகாடித்தன்மைச் சுட்டெண் (பி.எச்.) பெரும்பாலும் 10 முதல் 13 வரை இருக்கும். இத்தகைய காரத்தில் ஈயமும் நிக்கலும் பெரிதும் கட்டுண்டு கிடக்க, ஆர்சனிக்கும் வனேடியமும் எதிர்மின் அயனிகளாகக் கரைந்து நகர்கின்றன. ஆகவே இங்குச் சுண்ணாம்பு தீர்வாகாது. காரத்தைத் தணிக்கும் சிப்சமே பயன்படுகிறது. உலோகங்களைத் தவிர, மிகுதியான சோடியமும் மண்ணின் கட்டமைப்பைச் சிதைத்து, நீர் உள்ளிறங்குவதைத் தடுக்கிறது. காய்ந்த சேறு நுண்தூசியாகப் பறப்பதும் உண்டு.

அங்கேரியின் அய்க்கா நகரருகே 2010 அக்டோபர் 4 அன்று செஞ்சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்ததில் பத்துப் பேர் இறந்தனர். பலருக்குக் காரத்தால் தீக்காயம் போன்ற புண்கள் ஏற்பட்டன. டான்யூப் ஆற்றைக் காக்கும் பொருட்டு, ஓடைகளில் சிப்சமும் அமிலமும் கொட்டப்பட்டன.

பயன்பாடு

சிமெண்டு, செங்கல் ஆகியவற்றில் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. உலகில் ஆண்டுதோறும் உண்டாகும் செஞ்சேற்றில் மிகப்பெரும் பகுதி இன்றும் தேக்கங்களிலும் குவியல்களிலுமே சேர்கிறது.